சுவரில் தலைகீழாய் நின்றவன்

அத்தியாயம் பதினொன்று

பெற்றோர் இட்ட பெயரால் அவரை அழைப்பவர் இன்று ஒருவரும் இலர். சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவர் பொத்தானக்கா. துணிகளிலிருந்து உதிரும் பொத்தான்களை ஒரு கண்ணாடிக் குப்பியில் சேர்த்து வைத்து, உரியவர் வந்து சண்டை பிடிக்கும் முன்பே எடுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவதனால் வந்த பெயர் அது.

எவரைக் கண்டாலும் அவர் முதலில் சட்டையைப் பார்ப்பார், பிறகுதான் முகம். நலம் விசாரித்துக்கொண்டே, எதிரில் நிற்பவரின் காலரில் உள்ள கறை எண்ணெயா மையா என்று மனத்துக்குள் தீர்ப்பும் எழுதிவிடுவார். எந்தத் துணியையும் ஒருமுறை முகர்ந்து பார்க்காமல் மூட்டையில் போடமாட்டார். விருந்துக்குப் போன வீட்டில் கைதுடைக்கும் துணியை முகர்ந்து பார்த்து, தம்பியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அப்படிப்பட்டவர் ஐம்பது வயதைக் கடந்தபின் கேமரா பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போனதற்குக் காரணம் ஒரு வெள்ளைச் சட்டை.

கடைக்கு வரும் துணிகளை வந்த கோலத்திலேயே படம் எடுத்து வைக்கவேண்டும் என்பது முதலாளியின் புதிய ஏற்பாடு. பொத்தானக்கா எடுத்த படத்தில், பால்போன்ற சட்டை சாம்பல் நிறமாக விழுந்திருந்தது. “வரும்போதே இப்படித்தாங்க இருந்திச்சு” என்று அவர் படத்தைக் காட்ட, சட்டைக்கு உரியவர் கடையையே இரண்டாக்கிவிட்டார். ஆரவாரம் அடங்கியபின் முதலாளி கேமராவை அவர் கையில் கொடுத்து, “இதை முறையாப் படிச்சிட்டு வாங்கக்கா. இல்லன்னா எனக்கு வக்கீல் வைக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

அவர் குடியிருப்பது தம்பியின் வீட்டில். தம்பி லிப்ட் மெக்கானிக். தம்பியின் மனைவியை வீட்டார் ‘ரேடியோ’ என்பர். அடுப்படியில் தொடங்கிய பேச்சைக் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும் நிறுத்தாதவள் என்பதால். அந்த ரேடியோவை ஒரு காய்ச்சல் அணைத்துவிட்டது. எழுந்தபின், சிறிது வெளிச்சம் பட்டாலும் தலை பிளக்கும் நோய் அவளைப் பற்றிக்கொண்டது. இருட்டில் ஓய்வு கொடுங்கள் என்றார் மருத்துவர். கைத்திறமுள்ள தம்பி, மாடியறை ஜன்னலுக்குப் பலகை அடித்து, இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி, பகலிலும் தன் கை தனக்குத் தெரியாத இருட்டாக அவ்வறையை ஆக்கிக் கொடுத்தான்.

தலைவலி குறைந்தது. வேறொன்று தொடங்கியது.

சுவரில் மனிதர்கள் நடக்கிறார்கள் என்றாள் ரேடியோ. தலை கீழேயும் கால் மேலேயுமாக நடக்கிறார்கள். பிற்பகலில்தான் வருகிறார்கள். கதவைத் திறந்தால் ஓடிவிடுகிறார்கள். அவர்களுள் ஒருவன் மட்டும் நடப்பதில்லை. படிக்கட்டுப் பக்கத்து மூலையில், மேலிருந்து தொங்கவிட்டவன்போல அசையாமல் நிற்கிறான். அவளையே பார்க்கிறான்.

அவள் அலறும்போதெல்லாம் தம்பி ஓடிவந்து, கதவை விரியத் திறந்து, விளக்கைப் போட்டு, “பாரு, யாரும் இல்ல” என்று காட்டினான். விளக்கொளியில் சுவர் வெறும் சுவராகவே இருந்தது.

ஊருக்கு வெளியே மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி உண்டு. ஒருமுறை உள்ளே போனவர்கள் எளிதில் வெளியே வருவதில்லை என்று பெயர் எடுத்த இடம். ரேடியோவை அங்கே சேர்ப்பதென்று முடிவாகிவிட்டது. அன்று மாலையே வண்டி வருவதாக ஏற்பாடு.

இந்த நிலையில்தான் அன்று காலை பொத்தானக்கா வகுப்புக்குப் போனார்.

*

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் வகுப்பு. ஆசிரியைக்குப் பொத்தானக்காவின் வயதில் பாதிகூட இராது. விளக்குக்கு முன்னால் வெள்ளைக் குடையொன்றை விரித்து வைத்தே படம் எடுப்பவள் ஆதலால் அவளுக்குக் குடை டீச்சர் என்று பெயர்.

“கேமராவெல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும்” என்றாள் அவள். “இன்னைக்கு நாம கேமராவுக்கு உள்ள உக்காரப் போறோம்.”

ஜன்னல்களைக் கறுப்பு அட்டை கொண்டு மறைத்தாள். கதவைச் சாத்தினாள். கூடம் இருண்டது.

“டீச்சர், எனக்கு இருட்டுன்னா உடனே தூக்கம் வரும்” என்றார் கல்யாண வீடுகளுக்குப் பந்தல் போடுபவர்.

“தூங்குங்க சார். குறட்டை மட்டும் விடாதீங்க, படம் ஆடும்.”

சிரிப்பொலி அடங்கியது. ஓர் அட்டையில் இருந்த சிறு துளையை மூடியிருந்த நாடாவை ஆசிரியை உரித்தாள். முதலில் ஒன்றும் இல்லை. கண்கள் இருளுக்குப் பழகப் பழக, எதிர்ச்சுவரில் ஏதோ ஊறி வருவதுபோல் தெரிந்தது. நீலமாக ஒரு திட்டு, தரையை ஒட்டி. அது வானம். அதற்குமேல் கட்டடங்கள், கூரை கீழாகத் தொங்கின. எல்லாவற்றுக்கும் மேலே, உத்தரத்தை ஒட்டி, ஒரு சைக்கிள் சக்கரங்கள் மேல்நோக்கி இருக்க, ஓசையின்றி உருண்டு போயிற்று. அதில் அமர்ந்திருந்தவனின் தலை கீழே தொங்கியது.

பந்தல்காரர், “அடேங்கப்பா!” என்றார்.

பொத்தானக்கா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

“வெளிச்சம் நேராத்தான் போகும், அதுக்கு வளையத் தெரியாது” என்று இருட்டிலிருந்து ஆசிரியையின் குரல் வந்தது. “மேல இருந்து வர்ற வெளிச்சம் ஓட்டை வழியா நுழைஞ்சு கீழ போய் விழும். கீழ இருந்து வர்றது மேல போகும். கேமரான்னா இவ்வளவுதான். ஒரு இருட்டு ரூம், ஒரு ஓட்டை, எதிர்ல ஒரு சுவர். லென்ஸு, பட்டனு எல்லாம் அப்புறம் போட்ட நகை.”

அவள் மேலும் சொல்லிக்கொண்டே போனாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஏதோ பேச்சு. பொத்தானக்காவின் காதில் அது ஏறவில்லை. அவர் மனம் வீட்டு மாடியில் இருந்தது.

“டீச்சர்” என்றார் அவர். “இப்பக் கதவைத் திறந்தா என்ன ஆகும்?”

ஆசிரியை கதவைத் திறந்தாள். படிக்கட்டின் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. சுவரில் இருந்த தெரு அடியோடு மறைந்துபோயிற்று.

“ஓடிப்போச்சு பாத்தீங்களா?” என்றாள் ஆசிரியை சிரித்துக்கொண்டே.

ரேடியோவும் அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தாள்.

வகுப்பு கலைந்தபோது பொத்தானக்கா மட்டும் நின்றார். “சுவத்துல விழுற அந்தப் படத்தைக் கேமராவுல எடுக்க முடியுமா டீச்சர்?”

“முடியும்க்கா. கேமராவை ஆடாம ஒரு இடத்துல உக்கார வச்சு, ஷட்டரை நிறைய நேரம் திறந்து வைக்கணும். கொஞ்சூண்டு வெளிச்சம்தானே? சேரட்டும்னு விடணும்.”

“ஊற வைக்கிற மாதிரியா? லேசான அழுக்குக்குக் கொஞ்ச நேரம், பழைய கறைக்கு நிறைய நேரம்?”

“அதேதான். இதை நான் அடுத்த வகுப்புல சொல்லிக்கிறேன், உங்க பேரைச் சொல்லமாட்டேன்” என்றாள் ஆசிரியை. “ஆனா ஒண்ணு. அப்படி எடுத்தா அசையுறது எதுவும் படத்துல நிக்காது. நடந்து போறவங்க எல்லாம் கரைஞ்சு போயிடுவாங்க. அசையாம நிக்கிறது மட்டும்தான் விழும்.”

*

வீட்டுக் கூடத்தில் தம்பி ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியின் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எதை வைப்பது, எதை விடுவது என்று தெரியாதவனாக ஒரே துணியை வைத்து வைத்து எடுத்தான்.

“என்னக்கா, மூஞ்சி வெளுத்துப்போன துணி மாதிரி இருக்கு?”

“அந்தப் பலகை அடிச்சியே, போல்ட் போட எத்தனை ஓட்டை போட்ட?”

“இது என்ன கேள்வி? ஒண்ணு கோணலாப் போச்சு. பக்கத்துலேயே வேற போட்டேன்.”

“கோணலாப் போனதை அடைச்சியா?”

“சுண்டுவிரல் நுழையாத ஓட்டைக்கா அது. அதுக்குள்ள என்ன வந்துடப்போகுது?”

பொத்தானக்கா நாற்காலியில் அமர்ந்தார். “வண்டி வேண்டாம்னு சொல்லிடு. அவளுக்கு ஒண்ணும் இல்ல. அவ சொன்னது அத்தனையும் நிஜம். நான் இன்னைக்கு என் கண்ணால பாத்தேன்.”

தம்பி நிமிர்ந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. “சரியாப் போச்சு. உனக்கும் தொத்திக்கிச்சா? ஒரே வண்டியில ரெண்டு பேரையும் ஏத்தி விடவா?”

“சொல்றதைக் கேளுடா!”

“என்னத்தைக் கேக்குறது? நேத்து அவ தலையணையைச் சுவத்து மேல விட்டெறிஞ்சா. எனக்கு மட்டும் ஆசையா அனுப்பணும்னு? தம்பி பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குற நாத்தனாரை நான் இப்பத்தான் பாக்குறேன்.”

“நாத்தனார்னா தேள் மாதிரி கொட்டித்தான் ஆகணும்னு எங்க எழுதி வச்சிருக்கு?”

அவன் பதில் சொல்லுமுன் கைப்பேசி ஒலித்தது. எங்கோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். தம்பி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டான்.

“வண்டியோடதான் திரும்புவேன்” என்றான். “அவளைக் கிளப்பி வை.”

*

துணிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து பொத்தானக்கா மாடியறைக் கதவைத் திறந்தபோது, உள்ளே கட்டிலில் ஏதோ ஒடுங்கிற்று.

“யாரு?”

“நான்தான்.”

“திறந்தே வைங்க அண்ணி. அவங்க வர்ற நேரம்.”

“சாத்தப் போறேன்” என்றார் பொத்தானக்கா. “நானும் உள்ளதான் இருக்கப் போறேன்.”

அவர் கதவைச் சாத்தினார். கதவின் அடியிடுக்கில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்து அடைத்தார். தடவிக்கொண்டே வந்து கட்டிலில், ரேடியோவின் அருகில் அமர்ந்தார். அவளுடைய விரல்கள் இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன. இத்தனை நாளும் அவளுக்கு மருந்து கொடுத்தவர் உண்டு, விளக்குப் போட்டுக் காட்டியவர் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு அந்த இருட்டில் அமர்ந்தவர் எவரும் இலர். அது பொத்தானக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“கொஞ்ச நேரம் ஆகும்” என்று ரேடியோ முணுமுணுத்தாள். “மொதல்ல வெள்ளையா ஒண்ணு வரும்.”

வந்தது. தெருவின் எதிர்ப்புறம் முழுவதும் ஒரு பண்டகசாலையின் நீண்ட வெள்ளை மதில். பிற்பகல் வெயில் அதன்மேல் நேராக அடித்தது. அவ்வெள்ளை, இங்கே சுவரின் நடுவில் மெல்லிய பால் ஆடைபோலப் படர்ந்தது. இரு கோடியிலும் ஒவ்வொரு விளக்குக் கம்பம் தலைகீழாகத் தொங்கிற்று. ஒரு பெண் குடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கால்கள் மேலே இருக்க, நீந்துபவள்போலக் கடந்து சென்றாள். அவள் காலடி ஓசை கீழே தெருவில் கேட்டது. உருவம் மேலே சென்றது.

“பாத்தீங்களா? உங்களுக்கும் தெரியுதா?”

“தெரியுதுடி.”

“அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா அண்ணி?”

“உனக்கு ஒண்ணும் இல்ல. உன் புருஷன்தான் உன்னைக் கேமராவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டான்.”

பலகையில் உள்ள துளையையும், வெளிச்சம் நேராகப் போவதையும், காலையில் தாம் கண்டதையும் அவர் எடுத்துச் சொன்னார். ரேடியோ ஓசையின்றி அழுதாள். பிறகு, நெடுநாளைக்குப் பின், சிறிது சிரித்தாள். “அப்ப நான் தலையணையை விட்டெறிஞ்சது பால்காரர் மேலயா?”

“அவர் தலையில படாம பாத்துக்கிட்டியே, அது போதும்.”

சிரிப்பு நின்றது. ரேடியோவின் விரல்கள் இறுகின.

“அண்ணி. அந்த மூலை.”

படிக்கட்டுப் பக்கத்து மூலையில், கம்பத்தை ஒட்டி, அவன் நின்றான்.

அவன் எப்போது வந்தான் என்பதைப் பொத்தானக்கா காணவில்லை. நெடிய உருவம். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. கழுத்துவரை பொத்தான் இட்ட வெளிறிய சட்டை. முகம் சிறியதோர் ஒளித்திட்டாக மட்டுமே தெரிந்தது; ஆயினும் அது நிமிர்ந்திருந்தது என்பது விளங்கிற்று. வீட்டின் மாடியை நோக்கி நிமிர்ந்திருந்தது.

“அவன் ஓட்டையைத்தான் பாக்குறான்” என்றாள் ரேடியோ.

“கீழ இருந்து பாத்தா ஓட்டை தெரியாதுடி. பலகை மட்டும்தான் தெரியும்.”

“தெரியாதுதான். ஆனா பாக்குறான்.”

பொத்தானக்கா பையிலிருந்து கேமராவை எடுத்தார். முக்காலியின்மேல் வைத்து, அடியில் ஒரு துணியை மடித்துக் கொடுத்து, அது ஆடாமல் பார்த்துக்கொண்டார். லென்ஸின் துளையைப் பெரிதாக்கினார், ஷட்டரை நிறைய நேரத்துக்குத் திருகினார், விரல் பட்டும் அசையாதபடி மெல்ல அழுத்தினார். கேமரா ஒருமுறை சொடுக்கிவிட்டு மௌனமாயிற்று.

இருவரும் மூச்சையும் அடக்கிக் காத்திருந்தனர். அவ்வளவு நேரத்துக்குள் சுவரில் இரண்டு சைக்கிள்கள் போயின; ஒரு குழந்தை ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிற்று; ஒரு கிழவர் கம்பத்தருகே நின்று இருமிவிட்டு நடந்தார். மூலையில் இருந்தவன் மட்டும் கம்பத்தோடு மற்றொரு கம்பமாக நின்றான்.

கேமரா மறுபடியும் சொடுக்கிற்று. சிறு திரையில் படம் எழுந்தது.

தெரு காலியாக இருந்தது. சைக்கிள் இல்லை, குழந்தை இல்லை, கிழவர் இல்லை. நடமாடிய அத்தனை பேரும் கரைந்துபோன வெறுந்தெருவில், அவன் ஒருவன் தெளிவாக விழுந்திருந்தான். ஒரு மனிதன் மூச்சு விட்டால்கூடத் தோள் சற்றே கலங்கித் தெரியவேண்டும். அவன் தோளின் விளிம்பு கத்தரித்து ஒட்டியதுபோல் இருந்தது.

“கதவைச் சாத்திக்க” என்றார் பொத்தானக்கா, எழுந்து. “நான் கீழ போய் என்னன்னு கேட்டுட்டு வர்றேன்.”

“வேண்டாம் அண்ணி.”

“பட்டப்பகல்டி இது.”

*

தெருவில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. படிக்கட்டு இருக்கும் பக்கத்துக் கம்பத்தை நோக்கி அவர் நேரே நடந்தார்.

அங்கே ஒருவரும் இலர்.

கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. மதிலோரத்தில் ஒதுங்க ஓர் இடமில்லை, புகுந்துகொள்ள ஒரு கதவில்லை. தாம் படியிறங்கி வருவதற்குள் அவன் போய்விட்டானோ? தெருவின் அக்கோடியை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது தெருவில் அரவம் அடங்கியிருந்தது. ஒரு நாற்றம் வந்தது. அவருக்குப் பழகிய நாற்றம்: நனைந்த துணியைக் காயவிடாமல் மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, நெடுநாள் கழித்துத் திறந்தால் வருமே, அது. தம் கைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டார். கடையின் வாசனை கூடவே வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு திரும்பினார். வீடுவரையிலும், வீட்டைத் தாண்டி மறுகோடிவரையிலும் தெரு வெறிச்சென்று கிடந்தது.

மாடியேறிக் கதவைத் திறந்தார். ரேடியோ கட்டிலில் இல்லை. சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு, மூலையில் நின்றிருந்தாள். அவள் அலறவில்லை. அதுவே பொத்தானக்காவை அச்சுறுத்தியது.

“யாரும் இல்லடி. போயிட்டான்.”

“நீங்க ஏன் அண்ணி அவனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னீங்க?”

“என்ன சொல்ற?”

“அவன் இந்த மூலையில, படிப்பக்கம் நிக்கிறான். நீங்க அந்த மூலையில, அலமாரிப் பக்கம் போய் நின்னீங்க. கம்பத்தைத் தொட்டீங்க. அவன் உங்களைப் பாத்தான். மொத தடவையா நடந்தான். மெதுவா உங்க பின்னாலயே வந்தான்.” அவள் தன் கையை உயர்த்திக் காட்டினாள். “கையைத் தூக்கினான். உங்க தோளுக்கு இவ்வளவு தூரம். நான் கத்தினேன், உங்களுக்குக் கேக்கல. அப்புறம் கையை இறக்கிட்டு, வந்த வழியே போய், சுவரை விட்டே நழுவிட்டான். அதுக்கப்புறம்தான் நீங்க திரும்பினீங்க.”

 காலையில் தாம் காதில் வாங்காத பாதி பொத்தானக்காவுக்கு இப்போது விளங்கிற்று. மேலும் கீழும் மட்டுமா மாறும்? இடமும் வலமும் கூடத்தான். வெளிச்சம் குறுக்காகப் பாய்கிறது. படிப்பக்கத்துச் சுவரில் விழுவது தெருவின் மறுபக்கத்தில் இருப்பது. அவனைத் தேடிப் போனவர், அவனை விட்டு விலகியே நடந்து, அவனுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறார்.

அந்த நாற்றம் தம் கையினுடையதன்று.

அவர் கட்டிலில் அமர்ந்தார்.

“இப்ப பயம் கொஞ்சம் குறைஞ்சிருக்கா?” என்று கேட்டார், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

“இல்ல அண்ணி” என்றாள் ரேடியோ. “இத்தனை நாளும் அவன் என் தலைக்குள்ள இருந்தான். இப்ப வெளியில இருக்கான்.”

*

வாசலில் வண்டி வந்து நின்ற ஒலி கேட்டது. தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான்.

“கிளம்பலையா இன்னும்? டிரைவர் காத்திருக்காரு.”

பொத்தானக்கா கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அவன் கையில் கொடுத்தார். தெரு நேராயிற்று, மதிலும் கம்பமும் நேராயின, அருகில் அவனும் நேராக நின்றான்.

“இந்தச் சுவத்துல விழுந்ததை நான் எடுத்தேன்” என்றார். “நீ போட்ட கோணல் ஓட்டை வழியா வந்தது. உன் பொண்டாட்டி இத்தனை நாளும் இதைத்தான் பாத்தா. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லல.”

தம்பி படத்தைப் பார்த்தான். தன் மனைவியை ஒருமுறை பார்த்தான். அவன் முகத்தில் முதலில் தோன்றியது நிம்மதியாகவே இருந்திருக்கவேண்டும்; உதடுகள் ஏதோ சொல்லத் திறந்தன. பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். அவ்வாறே நின்றுவிட்டான்.

யார் இவன் என்று கேட்பான் என எதிர்பார்த்துப் பொத்தானக்கா காத்திருந்தார்.

“அவன் உன்னைப் பாத்தானாக்கா?” என்றான் தம்பி.

“யாரு?”

“உன்னைத்தான் கேக்குறேன். நீ கீழ போனியா? உன் முகத்தைப் பாத்தானா?”

“யாருடா இவன்?”

“எனக்கென்ன தெரியும்? யாரோ வழியில போறவன்.” கேமராவை அவன் கட்டிலின்மேல் கவிழ்த்து வைத்தான், திரை தெரியாதபடி வைத்தான். கருவிப் பையைத் திறந்து துழாவினான். ஒரு போல்ட் கைநழுவித் தரையில் உருண்டது. லிப்ட் கம்பிகளில் தொங்கிக்கொண்டே டீ குடிக்கும் அவன், அந்தப் போல்ட்டைப் பொறுக்க இரண்டு முறை குனியவேண்டியிருந்தது. “அவளுக்குப் பைத்தியம் இல்ல, சரி, ஒத்துக்குறேன். ஆனா அங்க கொஞ்ச நாள் இருக்கட்டும். அங்க மதில் உசரம். வாசல்ல காவல் உண்டு. மொதல்ல இந்த ஓட்டையை அடைச்சுத் தொலைக்கிறேன்.”

“பைத்தியம் இல்லாதவளுக்கு எதுக்குடா உசரமான மதில்?”

அவன் பலகையருகே போய், துளையின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். துளையை மூடுபவனைப்போல அவன் நிற்கவில்லை. கதவை வெளியிலிருந்து தள்ளுகிறார்கள், உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறான் என்பதுபோல நின்றான்.

“என்னங்க” என்றாள் ரேடியோ. அவள் குரல் தெளிவாக இருந்தது. “அவன் என்னைத் தேடி வரல, இல்ல?”

கீழே வண்டியின் ஒலிப்பான் நீண்டு ஒலித்தது. தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. பொத்தானக்கா அதைப் பார்த்தார். அதட்டிக் கேட்டால் அவன் சொல்லமாட்டான் என்பதும், அழுதால் எழுந்து போய்விடுவான் என்பதும் சிறு வயதுமுதல் அவனை வளர்த்த அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்து பெட்டியின் அருகே போனார். அடுக்கி வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் வைத்தார். வைத்து முடித்தபின் தம்பியின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“வண்டியைத் திருப்பி அனுப்பு. இவ எங்கயும் போகல. ஓட்டையும் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு மூணு பேரும் உள்ள உக்காரப் போறோம். நீ நடுவுல உக்காருவ.”